மயானத்தில் ஆண்கள் என்ன சொல்வார்கள்?

1. புதர்

முனிசிபல் மயானத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மண்டோர் ஆறுமுகம் முதலில் சொல்லிக் கொடுத்தது, எங்கே போய் ஒளிந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான். மண்டோர் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் மேஸ்திரி. மெலிந்த மனிதர், நெற்றி நிறைய விபூதி, எப்போதும் யாரையாவது திட்டிக்கொண்டே இருப்பார்.

"பாரும்மா பேச்சாயி. புல்லு வெட்டு, குப்பை கூட்டு, மண்ணு அள்ளு. சங்குச் சத்தம் கேட்டுதுன்னா கத்தியைப் போட்டுட்டு அந்தப் புதருக்குப் பின்னாடி போயிடணும். பொணத்தை இறக்கி, மண்ணு தள்ளி, எல்லாரும் போன பிறகு வரணும். பொம்பளை பார்க்கற இடம் இல்ல இது."

"அப்போ என்னை எதுக்கு வேலைக்கு எடுத்தீங்க?"

"சேர்ந்த அன்னைக்கே வாயா? போ, போய்ப் புல்லைப் பாரு."

எனக்கு அப்போது இருபது வயதுகூட முழுதாக ஆகவில்லை. என் வீட்டுக்காரர் முத்து ரோடு போடும் கூலி. தார் கொதிக்கிற டிரம் சரிந்து விழுந்து போய்விட்டார். அவருடைய வேலைக்குப் பதிலாக எனக்குப் புல் வெட்டும் வேலை கிடைத்தது. மயானத்து வேலை வேண்டாம் என்று என்னோடு சேர வந்த இரண்டு பெண்கள் ஓடிவிட்டார்கள். நான் ஓடவில்லை. காரணத்தை அப்போது யாரிடமும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். என் வீட்டுக்காரரை அங்கேதான் வைத்திருந்தார்கள். எந்த இடம் என்று எனக்குத் தெரியாது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்காது. எங்கள் சனங்களில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. தெருமுனை வரைக்கும் அழுதுகொண்டு போவோம், அங்கே நிறுத்திவிடுவார்கள். ஆண்கள் தூக்கிக்கொண்டு போய், முடித்துவிட்டு, குளித்துவிட்டு வருவார்கள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்பார்கள். மேலே ஒரு வார்த்தை கேட்டால், "அதெல்லாம் உனக்கு எதுக்கு?" அவ்வளவுதான். கட்டின புருஷனை எங்கே படுக்க வைத்தார்கள் என்று கேட்பதற்குக்கூட எனக்கு உரிமை இல்லை, பாருங்கள்.

சேர்ந்த அன்றே மண்டோரிடம் கேட்டேன். முனகிக்கொண்டே கூட்டிப் போய்க் காட்டினார். வேலி ஓரம், ரம்புத்தான் மரத்துக்குப் பக்கத்தில், முழங்கால் உயரம் புல். அந்தப் புல்லைத்தான் முதலில் வெட்டினேன்.

மண்டோர் பார்க்காதே என்றார். நான் பார்த்தேன். சும்மாவா இருக்க முடியும்? சங்கு ஊதுவது, சேகண்டி அடிப்பது, பண்டாரம் பாடுவது எல்லாம் புதருக்குக் கேட்கும். அதெல்லாம் வீட்டு வாசலிலும் நடக்கிறதுதான். ஆனால் பண்டாரம் பாடி முடித்து ஒதுங்கியதும் தூக்கி வந்த ஆண்கள் குழியைச் சுற்றி நெருங்கி நிற்பார்கள். எல்லோருடைய முதுகும்தான் எனக்குத் தெரியும். குனிந்து, தாழ்ந்த குரலில் எல்லோரும் ஏதோ ஒன்றைச் சொல்வார்கள். உதடு அசைவது பக்கவாட்டில் நிற்கிறவரிடம் தெரியும். சத்தம் வராது. பிறகு நிமிர்ந்து மண் போடுவார்கள்.

அது என்ன? என் வீட்டுக்காரருக்கும் அதைச் சொல்லியிருப்பார்கள் அல்லவா? என்ன சொன்னார்கள்? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

2. குழாயடிச் செய்தி

தேக்கா சந்தைக்குப் பின்னால் கூலிகள் குடியிருந்த லைன் வீடுகளில் எனக்கும் ஓர் அறை, வீட்டுக்காரர் இருந்த நாளிலிருந்தே. பலகைச் சுவர், தகரக் கூரை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். மயானத்தில் எனக்கு வேலை என்று தெரிந்ததும் முதலில் பெண்கள் வாளியை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். சில நாள் போனதும் ஒருத்தி மெல்லப் பக்கத்தில் வந்தாள்.

"பேச்சி, எங்க அப்பாவைப் போன வருஷம் அங்கதான் வெச்சாங்க. வெயிலா, நிழலா?"

மறுநாள் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். "காலையில வெயில், மத்தியானம் நிழல். பக்கத்துல ஒரு பட்டாளத்துத் தாத்தா படுத்திருக்காரு. பேச்சுத் துணைக்குக் குறைச்சல் இல்ல." அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அதற்குப் பிறகு தினமும் யாராவது கேட்பார்கள். புல் வளர்ந்திருக்கா, மேடு கரைஞ்சிருக்கா, மாடு மேயுதா. நான் வேலைக்குப் போகிறேனா, இவர்களுக்குச் செய்தி கொண்டுவரப் போகிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும். மண்டோருக்குத் தெரிந்திருந்தால் கத்தியிருப்பார்.

அந்தக் குழாயடியில் எனக்கு மிகவும் வேண்டியவள் அஞ்சலையக்கா. துணி வெளுக்கிறவள். அவள் வீட்டுக்காரர் கோவிந்தன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். ஒரே மகன் ராசு. என்னைவிட ஓரிரு வயது சின்னவன், என்னைச் சின்னம்மா என்பான். லைனில் யார் செத்தாலும் பாடை தூக்க முதல் ஆளாக ராசு நிற்பான். அவனிடமும் கேட்டுப் பார்த்தேன்.

"ராசு, குழிகிட்ட நின்னு என்னடா சொல்லுவீங்க?"

"பொம்பளைங்ககிட்ட சொல்லக் கூடாதாம் சின்னம்மா," என்று சிரித்துக்கொண்டு ஓடிவிட்டான்.

3. மண்வெட்டி

பிறகு குண்டு விழுந்தது. ஜப்பான்காரன் வந்தான். ஊர் பெயரையே மாற்றினான். அரிசி போய் மரவள்ளிக் கிழங்கு வந்தது. காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரிக்கு அதே கிழங்கில் மிச்சம்.

முனிசிபல் வேலை நிற்கவில்லை. சாவு நிற்காதபோது மயானம் எப்படி நிற்கும்? ஆனால் ஆண்கள் குறைந்துகொண்டே போனார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், நல்ல சாப்பாடு, திரும்பக் கொண்டுவந்து விடுவோம் என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். அதற்கு ஆள் சேராதபோது லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, நடக்கிற ஆம்பிளையை எல்லாம் ஏற்றினார்கள்.

ராசு அப்படித்தான் போனான். சந்தைக்குக் கிழங்கு வாங்கப் போனவன். அஞ்சலையக்கா தண்ணீருக்கு வரிசையில் நின்றிருந்தாள், அவன் வாசலைத் தாண்டியதைப் பார்க்கவில்லை. லாரி ஏற்றினதைப் பார்த்தவர்கள் வந்து சொன்னபோது வாளி கையிலிருந்து விழுந்தது. ஓடினாள். தெருவில் லாரியின் புகைகூட இல்லை.

"போயிட்டு வாடான்னு ஒரு வார்த்தை சொல்லலையே பேச்சி," என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். வேறு எதற்கும் அவள் அவ்வளவு அழுது நான் பார்த்ததில்லை.

மயானத்தில் குழி வெட்டுகிற ஆட்களும் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். ஒருநாள் மண்டோர் எங்கள் முன்னால் மண்வெட்டிகளைப் போட்டார்.

"புல்லு கெடக்கட்டும். குழி வெட்டுங்க."

என்னோடு வேலை செய்தவள் தாயம்மா. ஆளும் பெரிது, குரலும் பெரிது. "பொம்பளை பார்க்கக் கூடாத இடமாச்சே மண்டோரே?" என்றாள்.

"வெட்டலாம். பொணம் வந்ததும் புதருக்குப் போயிடணும்."

கேட்டீர்களா நியாயத்தை! கழுத்து ஆழத்துக்கு நாங்கள் வெட்ட வேண்டும். வெட்டின கை காய்த்துப் போக வேண்டும். அதில் யாரை வைக்கிறார்கள் என்று பார்க்க மட்டும் கூடாது. எனக்கு வந்த கோபத்தில் அன்று ஒரு குழியைத் தேவைக்கு மேலேயே ஆழமாக வெட்டிவிட்டேன்.

தனிக் குழி எல்லோருக்கும் கிடைக்கவில்லை. தூக்கிவர ஆள் இல்லாத பிணங்களை ஒரு லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். மயானத்தின் கடைக்கோடியில் நீளமாக ஒரு பள்ளம். அதில் வரிசையாக வைப்பார்கள். பெயர் இல்லை, மேடு இல்லை. குழாயடியில் யாராவது தங்கள் ஆளைப் பற்றிக் கேட்டு, அவர் அந்தப் பள்ளத்துக்குப் போனவர் என்றால் வாளி நிறையும்வரை குனிந்தே இருப்பேன்.

4. கதவு

கோவிந்தண்ணனுக்கு முதலில் கால் வீங்கியது. பிறகு வயிறு. அரிசி, பருப்பு இல்லாமல் வந்த நோய். லைனில் பாதிப் பேருக்கு அது இருந்தது. கடைசி நாட்களில் படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கிடந்தார். மூட்டை மூட்டையாகத் தூக்கின மனிதரைத் திருப்பிப் படுக்க வைக்க அஞ்சலையக்காவுக்கு இரண்டு கை போதுமாக இருந்தது. தொட்டாலே நோகும் அவருக்கு. ஒரு காலை விடியும் நேரத்தில் போய்விட்டார்.

நானும் தாயம்மாவும் போனபோது அஞ்சலையக்கா அழவில்லை. வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"லாரி வந்தா ஏத்த விடமாட்டேன்," என்றாள்.

"அக்கா..."

"ராசு வருவான். வந்து அப்பா எங்கேம்மான்னு கேப்பான். கொள்ளி வைக்க வேண்டியவன், மண்ணு போட வேண்டியவன், எதுவும் செய்யலைன்னு துடிச்சுப் போவான். அவனுக்கு நான் ஒரு இடத்தைக் காட்டணும். அந்த நீட்டுப் பள்ளத்தைக் காட்டி, இதுல எங்கேயோ இருக்காருடான்னு சொல்லச் சொல்றியா?"

நான் என்ன சொல்வேன்? தனிக் குழி வேண்டும் என்றால் வீட்டார் தூக்கிக்கொண்டு வர வேண்டும், அது மயானத்துச் சட்டம். குழி இருந்தது. முந்தின நாள்தான் நானும் தாயம்மாவும் என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் தள்ளி ஒன்று வெட்டி வைத்திருந்தோம். தூக்கத்தான் ஆள் இல்லை. லைனில் மிச்சம் இருந்த ஆண்களில் ஒருவருக்கு எழுந்து நிற்க முடியாது. இன்னும் இரண்டு பேர் கூரைக்கு மேல் ஒளிந்திருந்தார்கள். பாடை தூக்கிக்கொண்டு ரோட்டில் போனால் குழிவரை போய்த் திரும்ப மாட்டார்கள், லாரியில் ஏறி சயாமுக்குத்தான் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்போது கிம் அக்கா வந்தாள். பக்கத்துச் சந்தில் கீரை விற்கிற சீனத்தி. தேக்காவிலேயே பிறந்தவள், சந்தைத் தமிழ் நன்றாகப் பேசுவாள். எங்களுக்கு அக்கா, அவள் வயசுக்கு அது மரியாதை.

"ஏன் எல்லாம் உக்காந்திருக்கு? தூக்கலையா?" என்றாள்.

"ஆம்பிளை இல்லை கிம் அக்கா. எங்க பொம்பளைங்க அங்க போகக் கூடாது," என்றேன்.

அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "போகக் கூடாது? அப்போ குழிகிட்ட யாரு அழும்?"

இத்தனை நாளில் எங்களில் ஒருத்திக்கும் அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

தாயம்மாதான் முதலில் எழுந்தாள். "நாலு பேர் இருக்கோம்டி. மூங்கில்தான் இல்ல." அஞ்சலையக்கா திரும்பித் தன் வீட்டுக் கதவைப் பார்த்தாள். பலகைக் கதவு, கோவிந்தண்ணன் தானே அடித்துப் போட்டது. கீலைக் கழற்றினோம். பாயில் சுற்றி அவரை அதன்மேல் படுக்க வைத்தோம். அவரிடம் இருந்த ஒரே வெள்ளை வேட்டியால் மூடினோம்.

5. ரோடு

சிராங்கூன் ரோட்டில் அதற்கு முன்பும் எத்தனையோ பாடை போயிருக்கிறது. நான்கு பெண்கள் கதவைத் தூக்கிக்கொண்டு போனதை அன்றுதான் ஊர் பார்த்தது. கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். ஒரு கிழவர், "கலி முத்திப் போச்சு," என்றார். "ஆமாய்யா, வந்து ஒரு கை பிடிங்க," என்றாள் தாயம்மா. கிழவர் உள்ளே போய்விட்டார்.

ஆண்கள் வழியில் ஒரே ஓர் இடத்தில் இறக்கி, பாடையைத் திருப்பி எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். நாங்கள் இறக்காத மரத்தடி இல்லை. தோள் கன்றிவிட்டது. கிம் அக்கா குட்டை, அவள் பக்கம் கதவு சாய்ந்துகொண்டே வந்தது. தலையில் துண்டைச் சுருட்டி வைத்து அதன்மேல் தாங்கிக்கொண்டாள்.

பாதி வழியில் ஜப்பான் சென்ட்ரி, காவல் சிப்பாய், நின்றான். அவனைக் கண்டால் நின்று குனிந்து கும்பிட வேண்டும். குனியாதவர்களுக்கு அறை விழும், அதற்கு மேலும் நடக்கும். தோளில் கதவை வைத்துக்கொண்டு எப்படிக் குனிவது?

"குனிஞ்சா அண்ணன் அவன் காலடியில போய் விழுவாரு," என்று தாயம்மா முணுமுணுத்தாள். "முட்டியை மடக்குங்கடி."

நான்கு பேரும் ஒன்றாக முழங்காலை மடக்கினோம். கதவு நேராகக் கீழே இறங்கி நேராக மேலே வந்தது. அவன் கிட்டே வந்தான். பிணத்தோடு அரிசி கடத்துகிறார்கள் என்று அவர்களுக்குச் சந்தேகம். துப்பாக்கி முனையால் வேட்டியைத் தூக்கினான், பாயைக் குத்தப் போனான்.

அஞ்சலையக்காவுக்கு அந்த நேரத்தில் துப்பாக்கியும் தெரியவில்லை, ஜப்பான்காரனும் தெரியவில்லை. "மெல்லய்யா, மெல்ல. தொட்டா நோகும் அவருக்கு," என்றாள்.

என் உயிர் போய்விட்டது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பாய்க்கு வெளியே தெரிந்த வீங்கின காலைப் பார்த்தான். துப்பாக்கியை எடுத்துவிட்டுப் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். இரக்கப்பட்டானா, நோய் ஒட்டும் என்று பயந்தானா, தெரியாது. நாங்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம்.

6. மண்டோர் ஒளிந்தது

கேட்டில் மண்டோர் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"பேச்சாயி! புத்தி கெட்டுப் போச்சா? பொம்பளைங்க பொணத்தைத் தூக்கிட்டு வர்றதா? இங்க வந்து நிக்கிறதா?"

"அந்தக் குழியை வெட்டினது யாரு மண்டோரே? நானும் தாயம்மாவும்தானே? வெட்டலாம், வைக்கக் கூடாதா?"

"முறைன்னு ஒண்ணு இருக்கும்மா."

"முறை தெரிஞ்ச ஆம்பிளை நாலு பேரைக் காட்டுங்க. கதவைக் குடுத்துட்டுப் போயிடறோம்."

மண்டோர் அஞ்சலையக்காவைப் பார்த்தார். அவள் தோளில் ரத்தம் கசிந்து ரவிக்கை நனைந்திருந்தது. பிறகு இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் எதையும் பார்க்கலை," என்றார். விடுவிடுவென்று நடந்து புதருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் இத்தனை காலம் நின்ற அதே புதர்.

தலையைத் தெற்கே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கயிற்றை இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினோம். இறங்கி முடிந்தது. கயிற்றை உருவினோம். குழியைச் சுற்றி நெருங்கி நின்றோம், ஆண்கள் நிற்பதுபோலவே. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இப்ப என்னடி சொல்லணும் பேச்சி?" என்றாள் அஞ்சலையக்கா.

"தெரியலையேக்கா. குனிஞ்சு ஏதோ சொல்லுவாங்க. அங்கேருந்து கேக்காது."

தாயம்மா புதரைப் பார்த்துக் கத்தினாள். "மண்டோரே! என்ன சொல்லணும்?"

புதரிலிருந்து மூக்கைச் சிந்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரி, தெரிஞ்சதைச் சொல்லுவோம்," என்று தாயம்மாவே ஆரம்பித்தாள். "கோவிந்தண்ணே, போன மழைக்கு என் கூரையை அடைச்சுக் குடுத்தே. இன்னைக்கு வரைக்கும் ஒழுகலை." கிம் அக்கா சீனத்தில் என்னவோ நீளமாகச் சொன்னாள், கடைசியில் தமிழில், "கீரை வாங்கினா பேரம் பேசாது, நல்ல மனுசன்," என்றாள். நான், "பக்கத்துலதான் எங்க வீட்டுக்காரர் இருக்காரு அண்ணே. அவருக்கும் துணை இல்ல," என்றேன்.

அஞ்சலையக்கா குனிந்து ஒரு பிடி மண் எடுத்தாள். "இது ராசு போடறதுங்க," என்று போட்டாள். இன்னொரு பிடி எடுத்தாள். "இது நான்." கையைத் துடைத்துக்கொண்டாள். அவர் தினமும் துறைமுகத்துக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொல்வதுபோலச் சாதாரணமாக, "போயிட்டு வாங்க," என்றாள்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களே போய் வருகிறேன் என்று சொல்ல மாட்டார்கள், சொல்லாமல்தான் போவார்கள். செத்தவரைப் பார்த்து வாங்க என்று யாராவது சொல்வார்களா? அஞ்சலையக்கா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ, சொல்லக் கூடாததைச் சொல்லிட்டேனே! புள்ளைக்குச் சொல்ல வேண்டியது. அவனுக்குச் சொல்லாம இவருக்குச் சொல்லிட்டேனே!"

தாயம்மா அவளைத் தூக்கி நிறுத்தினாள். "விடுக்கா. வந்தா வரட்டும். வந்து பார்த்து, இன்னும் கிழங்குதானான்னு அவரே திரும்பிப் போயிடுவாரு."

அழுகையும் சிரிப்புமாக மண்ணைத் தள்ளினோம். திரும்பும்போது கதவைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து பழைய கீலிலேயே மாட்டினோம்.

7. பூ

மேட்டுக்கு அடையாளமாக ஒரு மரக்கட்டை நட்டேன். மறுவாரம் அதைக் காணோம். அந்தக் காலத்தில் விறகு என்றால் எதுவும் தப்பாது. கல் வைக்க வழியில்லை. யாரும் தின்னாத, யாரும் எரிக்க முடியாத ஒன்று வேண்டும். வேலி ஓரத்திலிருந்து நித்தியகல்யாணிச் செடியைப் பிடுங்கி வந்து மேட்டைச் சுற்றி நட்டேன். ஆடுகூட அதை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். தினமும் குழாயடியில் அஞ்சலையக்கா கேட்பாள், "பூத்திருக்கா?" நான், "பூத்திருக்கு," என்பேன்.

காலி இடத்தில் எல்லாம் மரவள்ளி நட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மயானத்தையும் விடவில்லை. பழைய மேடுகளைச் சமமாக்கிக்கொண்டு மண்டோர் ரம்புத்தான் மரத்தடிக்கு வந்தார். இந்த இடம் போனால் ராசுவுக்கு எதைக் காட்டுவாள்? செடிகளுக்கு முன்னால் போய் நின்றேன். அடிக்கட்டும், வேலையை விட்டு நிறுத்தட்டும், நகரப் போவதில்லை என்று இருந்தேன்.

மண்டோர் என்னைப் பார்த்தார், பூவைப் பார்த்தார்.

"இங்க யாரு?" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"நான்தான் பார்க்கவே இல்லையே," என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசையைச் சுற்றிக்கொண்டு போனார். பூச்செடிகளையும், பக்கத்தில் என் வீட்டுக்காரர் இருந்த இடத்தையும் விட்டுவிட்டுத்தான் மரவள்ளி நட்டார். பிறகு ஒருநாள், ஆண்கள் குழியருகில் சொல்வது என்ன என்று அவரையே கேட்டேன். அதற்கும் அதே பதில்தான். "நான் பார்க்கவே இல்லையேம்மா!"

8. ராசு

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களைவிட வராதவர்கள் அதிகம். ஒவ்வொரு முறை ஆட்கள் வந்ததாகக் கேள்விப்பட்டாலும் அஞ்சலையக்கா ஓடுவாள், தனியாகத் திரும்புவாள். கதவைச் சாத்திக்கொள்வாள். நாங்கள் கூப்பிட மாட்டோம்.

ஒரு சாயங்காலம் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். கோணி உடுத்திய ஒரு கிழவன் லைனுக்குள் வந்து அஞ்சலையக்கா வீட்டுக் கதவைத் தொட்டுக்கொண்டு நின்றான். யாரோ பிச்சைக்காரன் என்று நினைத்தேன்.

"சின்னம்மா," என்றான்.

நான் போட்ட கூச்சலில் லைனே வெளியே வந்தது. அஞ்சலையக்கா கதவைத் திறந்தாள். அவன் அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்தான். எதுவும் கேட்காமல் தெரிந்துகொண்டான். "எங்கேம்மா?" என்று மட்டும் கேட்டான்.

"வா, காட்டறேன்," என்றாள் அஞ்சலையக்கா. அதைச் சொல்வதற்காகவே அத்தனை நாளும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் நாங்கள் எல்லோரும் போனோம். கிம் அக்கா எங்கிருந்தோ ஒரு பால் டின் கொண்டுவந்தாள். நித்தியகல்யாணி மேடு முழுவதும் பரவி வெள்ளையும் ரோஸுமாகப் பூத்திருந்தது. ராசு பாலைக் கரைத்துத் தெளித்தான். மண்ணில் நெற்றியை வைத்து அழுதான். அழுது முடித்து உட்கார்ந்தபிறகு நான் விடவில்லை.

"ராசு, இன்னைக்காவது சொல்லு. குழிகிட்ட குனிஞ்சு நின்னு ஆம்பிளைங்க என்னடா சொல்லுவீங்க? உங்க அப்பாவுக்கு அதைச் சொல்ல எங்களுக்குத் தெரியலை. எங்க வாய்க்கு வந்ததைச் சொன்னோம்."

அவன் என்னை ஒருமாதிரி பார்த்தான்.

"ஒண்ணும் சொல்ல மாட்டோம் சின்னம்மா."

"டேய், நான் பார்த்திருக்கேன். உதடு அசையும்."

"அதுவா? கயிறு பிடிச்சு இறக்கும்போது, 'மெல்ல, மெல்ல, தலைப்பக்கம் பார்த்து, மெல்ல'ன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லுவோம். அவ்வளவுதான். வேற மந்திரம் கிந்திரம் ஒண்ணும் இல்ல. சின்னப் பையனா இருந்தப்ப பெரிய ரகசியம் மாதிரி உங்ககிட்ட பந்தா பண்ணினேன்." மேட்டு மண்ணைக் கையால் தடவினான். "சயாம்ல பாடை இல்ல, பாய் இல்ல, பண்டாரம் இல்ல. கூட இருந்தவனைச் சாயங்காலமானா கொண்டுபோய் வைப்போம். அங்கயும் அதைத்தான் சொன்னோம்."

நான் ரம்புத்தான் மரத்தைப் பார்த்தேன். அவன் நான் பார்த்த பக்கம் பார்த்தான்.

"முத்துச் சித்தப்பாவுக்கு நான்தான் தலைப்பக்கம் பிடிச்சேன். எனக்கு அதுதான் முதல் தடவை. கை நடுங்குச்சு. மெல்லடா, மெல்லடான்னு எல்லாரும் எனக்குச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நல்லாத்தான் இறக்கினோம் சின்னம்மா. ஒரு இடி இடிக்கலை."

அத்தனை வருடம் நான் அழாமல் வைத்திருந்ததை அன்று அழுதேன். தார் பட்டு வெந்த உடம்பு அவருக்கு. அந்த உடம்பை மெல்ல இறக்கினார்கள் என்று ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது எனக்கு. வேறெதுவும் எனக்குத் தேவையாக இருக்கவில்லை.

அஞ்சலையக்கா பயந்துகொண்டே வாயைத் திறந்தாள். "ராசு, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்டா. உங்க அப்பாகிட்ட போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டேன். சொல்லக் கூடாது, தெரியும். வாய் தவறிடுச்சு."

ராசு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அவர் காதுல விழுந்திருக்கும்மா. தான் வர முடியலைன்னு என்னை அனுப்பிட்டார்."

அந்த மயானம் இப்போது இல்லை. நானும் புக்கிட் பாத்தோக் அடுக்கு வீட்டில் எட்டாவது மாடிக்கு வந்து நெடுநாள் ஆகிறது. என்னைப் போல மயானத்திலும் எரிக்கிற இடத்திலும் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எல்லோரும் உள்ளே போனபிறகு கேட்டுக்கு வெளியே ஒரு பெண் தயங்கி நிற்பாள். இன்றைக்கும் நிற்கிறார்கள், நான் பார்க்கிறேன். அவளை உள்ளே கூப்பிடுங்கள். என்ன சொல்வது என்று தெரியவில்லை என்பாள். வாய்க்கு வருவதைச் சொல்லும்மா என்று சொல்லிவிட்டு, நீங்கள் கொஞ்ச நேரம் புதருக்குப் பின்னால் போய் நில்லுங்கள்.